கடைசி மணிக்குப் பிறகு

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எதுவாயினும், மாதுங்காவின் வீதியை ஒரு முறையேனும் மிதியாமல் இருந்திராது. கல்யாணத்துக்கு வாழையிலை வேண்டுமா, கார்த்திகைக்கு அகல் வேண்டுமா, பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வேண்டுமா, அல்லது கொஞ்சம் நல்ல காப்பிப் பொடிதான் வேண்டுமா, எல்லாவற்றிற்கும் மாதுங்காவே கதி. 1896ஆம் ஆண்டில் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியதன் விளைவாக 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றிற்று. நெருக்கடி மிகுந்த தெற்குப் பகுதியிலிருந்து மக்களை வடக்கே பரவச் செய்யும் நோக்கத்துடன், தாதர், மாதுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்களில் அகன்ற சாலைகளையும் தோட்டங்களையும் அந்த டிரஸ்ட் வகுத்தது. தட்டெழுத்தும் கணக்கும் கற்றுக்கொண்டு தென்னாட்டிலிருந்து வண்டியேறி வந்த நம்மவர் பலர் அங்கே குடித்தனம் வைத்தனர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952இல் சண்முகானந்த சபையும் பிறந்தன. பிழைக்க வந்த இடத்தில் படிப்பையும் சங்கீதத்தையும் நட்டு வளர்த்த பெருமை அந்தத் தலைமுறையைச் சேரும்.

ஆனால் நாம் இங்கு எழுதப் புகுவது காப்பியைப் பற்றியோ கச்சேரியைப் பற்றியோ அன்று. நம் சங்கத்துப் பெற்றோர்களிடையே சில காலமாக ஒரு கேள்வி நடமாடிக்கொண்டிருக்கிறது. நம் குழந்தைகளிற் பலர் இந்நகரத்துக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிக்கின்றனர். பாடம் முடிந்து கடைசி மணி அடித்த பிறகும் அப்பள்ளிகள் ஓய்வதில்லை. சாரணர் கூட்டம், பேச்சு மன்றம், நாடக ஒத்திகை, பந்தாட்டம் என்று ஏதேனும் ஒன்று நடந்தவண்ணம் இருக்கிறது. பிள்ளையை அதற்கு நிறுத்திவைப்பதா, அல்லது கையோடு அழைத்து வந்து டியூஷனுக்கு அனுப்புவதா என்பதே கேள்வி. இதற்கு விடை தேடும் எண்ணத்துடனேயே சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மாதுங்காவுக்குப் பயணமானோம்.

ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நமக்கு மாதுங்கா நிலையத்தில் இறங்குவதென்றால் தனி மகிழ்ச்சி. நிலையத்தலைவர் முதல் டிக்கெட் பரிசோதகர், பாதுகாப்புப் படையினர் வரை எல்லாப் பொறுப்புகளையும் பெண்களே ஏற்று நடத்திய முதல் புறநகர் நிலையம் என்ற பெயரை 2017ஆம் ஆண்டில் இந்நிலையம் பெற்றது. அடுத்த ஆண்டே லிம்கா சாதனை நூலிலும் இடம் பிடித்தது. நிலையத்தை அடுத்து இருப்பது, 1915இல் அமைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. அதன் சங்கொலியை நம்பி உலையேற்றிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! கிழக்குப் பக்கம் இறங்கிக் கடைவீதியின் பூ வாசனையைக் கடந்து சென்றால், சந்தடி மெல்ல மெல்லக் குறைகிறது. மரங்கள் இருமருங்கும் குடை பிடிக்கின்றன. ஐந்து தோட்டங்கள் என்று வழங்கும் பூங்காக்களும், பார்சி மக்களின் குடியிருப்பும், பொறியியல் கல்லூரியும் சூழ்ந்த அந்தப் பகுதியில், வானை நோக்கி உயர்ந்து நிற்கிறது 1950களில் எழுந்த அன்னை மரியாள் திருத்தலம். அதை ஒட்டி டான் போஸ்கோ உயர்நிலைப் பள்ளியும் அதன் பரந்த ஆடுகளமும் இருக்கின்றன. சலேசியர் என்னும் துறவற சபையார் 1940களின் தொடக்கத்திலிருந்து இவ்விடத்தில் கல்விப் பணி ஆற்றி வருகின்றனர்.

சனிக்கிழமை மாலையில் பள்ளிக்கூடம் அரவமின்றிக் கிடக்கும் என்று எண்ணிச் சென்ற நம்மை ஆடுகளத்தின் ஆரவாரமே வரவேற்றது. பந்தின் பின்னே ஒரு கூட்டம் பாய்ந்துகொண்டிருந்தது. ஒருவன் மராத்தியில் கூவினான். ஒருவன் ஹிந்தியில் விடையளித்தான். மூன்றாமவன் ஆங்கிலத்தில் முறையிட்டான். அதற்கிடையே “இங்கே தள்ளுடா” என்று தமிழில் ஒரு குரலும் கேட்டது. பந்து தள்ளப்பட்டது. தள்ளியவன் தமிழன் அல்லன் என்பதை அவன் முகமே காட்டிற்று. வேலியின் இப்பால் நின்ற நமக்கு, அந்த ஒரு வார்த்தையில் ஓராயிரம் பொருள் தோன்றிற்று. வகுப்பறையில் மொழி ஒரு பாடம். அதற்கு மதிப்பெண் உண்டு, பயமும் உண்டு. ஆடுகளத்திலோ மொழி ஒரு கருவி. வேலை ஆனால் போதும்!

இத்தகைய பள்ளிகளில் வழக்கமாகக் காணப்படும் மன்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே உரிய பக்தி சபைகள், பீடச் சிறுவர் குழு, ஆலயப் பாடகர் குழு முதலியவை. இரண்டாவது, நாவையும் பேனாவையும் பழக்குபவை: விவாத மன்றம், பேச்சுப் போட்டி, நாடகம், பள்ளி ஆண்டு மலர். மூன்றாவது, சீருடை அணியும் படைகள். 1948இல் சட்டத்தின் வழி அமைந்த தேசிய மாணவர் படையும், பல பிரிவுகளாக இருந்த சாரணர் இயக்கங்கள் 1950 நவம்பர் 7ஆம் நாள் ஒன்றுபட்டு உருவான பாரத சாரண சாரணியர் இயக்கமும் இவ்வகையின. நான்காவது, அறிவும் கையும் சேர்ந்து உழைப்பவை: விஞ்ஞான மன்றம், இயற்கை மன்றம், ஓவிய வகுப்பு. மகாராஷ்டிர அரசின் எலிமெண்டரி, இண்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளுக்குப் பிள்ளைகள் இங்கேதான் தயாராகின்றனர். ஐந்தாவது, சேவைக் குழுக்கள். ரோட்டரி சங்கத்தின் மாணவர் கிளையாக 1962இல் அமெரிக்காவில் தோன்றிய இண்டராக்ட் கிளப் இதற்கு ஓர் உதாரணம். விளையாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நான்கு அணிகளாகப் பள்ளியையே பிரித்து, ஆண்டு முழுவதும் போட்டி நடத்துவது பல பள்ளிகளின் மரபு.

இந்த மன்றங்கள் நேற்று முளைத்த நாகரிகம் என்று நம்மவர் சிலர் நினைக்கின்றனர். அது சரியன்று. 1563ஆம் ஆண்டு ரோமாபுரியில், இயேசு சபையின் கல்லூரியில், ஜான் லூனிஸ் என்ற இளந்துறவி வகுப்பு முடிந்த பின் மாணவர்களைத் திரட்டி ஒரு சபையை அமைத்தார். பிரார்த்தனையும் பிறர்க்குதவுதலும் அதன் நோக்கம். 1599இல் இயேசு சபையார் வெளியிட்ட கல்வி விதிமுறையில், மாணவர்கள் தாமே கூடி விவாதமும் பேச்சும் பயிலும் கழகங்களுக்கென்று தனி விதிகளே வகுக்கப்பட்டிருந்தன. ஆக, பாடத்துக்கு வெளியேயும் படிப்பு உண்டு என்னும் எண்ணத்துக்கு நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வயது ஆகிறது.

அது நிற்க. மாதுங்காப் பள்ளி எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ஜான் போஸ்கோவின் வரலாறு நம் போன்றோர் அறிந்துகொள்ளத் தக்கது. அவர் 1815இல் இத்தாலியில் ஓர் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் கழைக்கூத்தாடிகளைப் பார்த்துக் கயிற்றின்மேல் நடக்கக் கற்றுக்கொண்டு, அதைக் காட்டி அண்டை அயல் பிள்ளைகளைக் கூட்டிவைத்தவர். 1841இல் குருவாகித் தூரின் நகரத்துக்கு வந்தார். அப்போது அந்நகரின் தெருக்களில் அவர் கண்டது என்ன? மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த சிறுவர்கள். கொத்து வேலைக்கும், புகைக்கூண்டு துடைக்கும் வேலைக்கும் வந்தவர்கள். உற்றார் இல்லை, உறவினர் இல்லை, நகரத்து நாகரிகம் தெரியாது. வேலை முடிந்தால் போக்கிடம் கிடையாது. அவர்களுக்காகவே அவர் ஞாயிறுதோறும் விளையாட்டும் பாட்டும் படிப்பும் கொண்ட ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகளின் கூச்சலைப் பொறாத அக்கம்பக்கத்தார் முறையிட, கூட்டம் இடம்விட்டு இடம் மாறிற்று. முடிவில் 1846இல் வால்டோக்கோ என்ற இடத்தில் ஒரு கொட்டகை கிடைத்தது. இரவு வகுப்பு, வாத்தியக் குழு, நாடகம் எல்லாம் அங்கே வளர்ந்தன. 1847இல் மாணவர்க்கென ஒரு சபை தோன்றிற்று. 1856இல் தோமினிக் சாவியோ என்ற மாணவன் தன் தோழர்களுடன் சேர்ந்து மற்றொரு சபையைத் தொடங்கினான். புதிதாய் வந்து தனித்து நிற்கும் பிள்ளைக்குத் துணையாவது அதன் உறுப்பினர் மேற்கொண்ட கடமைகளில் ஒன்று. அடுத்த ஆண்டே, பதினான்கு வயதில், அச்சிறுவன் மறைந்தான். ஆனால் அந்தக் கடமை மறையவில்லை. தண்டித்துத் திருத்துவதைவிட உடனிருந்து காப்பதே மேல் என்றும், அதற்கு உடற்பயிற்சி, இசை, நாடகம், உலாச் செல்லுதல் ஆகியவை உற்ற துணை என்றும் 1877இல் எழுதிய ஒரு சிறு நூலில் போஸ்கோ விளக்கினார்.

இங்கே நாம் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து, உறவின்றித் தெருவில் நின்ற பிள்ளைகளுக்காகப் பிறந்தவை இந்த மன்றங்கள். நம் பிள்ளைகளின் நிலையும் அதனின்று வெகுதூரம் இல்லை. சொந்த ஊரில் ஒரு சிறுவனுக்கு மாமன் வீடு, அத்தை வீடு, கோயில் திருவிழா, குளத்தங்கரை எல்லாம் உண்டு. எங்கே எப்படிப் பேசுவது, பெரியவர் முன் எப்படி நிற்பது, நாலு பேரோடு எப்படி ஒத்துப்போவது என்பதை அவன் அங்கெல்லாம் கற்றுக்கொள்கிறான். இந்நகரத்தில் நம் பிள்ளைக்கு ஓர் அறை, ஒரு மாடிப்படி, ஒரு ரயில் வண்டி. உறவு கற்றுத்தர வேண்டியதை இங்கே வேறு யார் கற்றுத்தருவார்?

இன்னொரு செய்தி. சலேசியர் இந்திய மண்ணில் முதன்முதல் பணி தொடங்கிய இடம் மும்பையன்று, நம் தஞ்சாவூர்! மயிலை ஆயரின் அழைப்பின்பேரில் 1906 ஜனவரியில் அவர்கள் தஞ்சைக்கு வந்தனர். மும்பைக்கு வந்தது அதற்குப் பின்னரே. எனவே தஞ்சாவூர்க்காரர் ஒருவர் மாதுங்கா ஆடுகளத்தின் அருகே நின்றால், தம் ஊருக்கு வந்துபோன பழைய விருந்தாளியைக் கண்டதாகவே அவர் எண்ணிக்கொள்ளலாம்.

ஆடுகளத்தை விட்டுத் தோட்டத்துப் பக்கம் திரும்பினோம். அங்கே ஒரு பெஞ்சியில் நமக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் மகனோடு அமர்ந்திருந்தார். திருநெல்வேலிச் சீமைக்காரர், தொழிற்சாலையில் நெடுநாள் வேலை பார்ப்பவர், தாராவியில் வாசம். மகன் வேறொரு கத்தோலிக்கப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான்.

“வாங்க தம்பி, நல்ல சமயத்தில் வந்தீர்கள். அடுத்த வருஷம் இவனுக்குப் பத்தாம் வகுப்பு. சாரணர், பேச்சு மன்றம் என்று வாரத்தில் மூன்று நாள் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புகிறான். டியூஷன் வாத்தியார் முகம் சுளிக்கிறார். இந்த மாதத்தோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். நீங்களே இவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்” என்றார் அண்ணாச்சி.

நாம் சொல்வதற்கு முன், பையனைக் கேட்டோம். “அங்கே அப்படி என்னப்பா நடக்கிறது?”

அவன் சற்று நேரம் தரையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “மாமா, நாலாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து என்னை எல்லோரும் மதராஸி என்றுதான் கூப்பிடுவார்கள். சாரணர் முகாமில் கூடாரம் அடித்தபோது ஒருவருக்கும் முடிச்சு நிற்கவில்லை. நான் போட்ட முடிச்சு மட்டும் நின்றது. அன்றைக்குத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.”

“முடிச்சு எங்கே கற்றுக்கொண்டாய்?”

“அப்பாதான். ஊருக்குப் போகும்போது மூட்டை கட்டுவாரே, அப்போது பார்த்தது.”

அண்ணாச்சி வாய் பேசவில்லை. தோட்டத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கொஞ்ச நேரம் கழித்து, “பேச்சு மன்றத்தை விட்டுவிடட்டும். சாரணர் இருக்கட்டும். டியூஷன் நேரத்தை மாற்ற முடியுமா என்று வாத்தியாரைக் கேட்டுப் பார்க்கிறேன்” என்றார். பையன் முகத்தில் பாதி மகிழ்ச்சியும் பாதி வருத்தமும் தெரிந்தன. சம்பளக்காரன் வீட்டில் எதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை என்பதை அவனும் அறிந்தவன்தானே!

நம் பெற்றோர்களின் தயக்கங்களை நாம் எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. முதல் தயக்கம் மதத்தைப் பற்றியது. வேற்றுச் சமயத்தார் பள்ளியில் மாலைவரை விட்டால் பிள்ளை குலதெய்வத்தை மறந்துவிடுமோ என்று அஞ்சும் தாய்மார் உண்டு. அரசு அங்கீகாரமோ அரசின் நிதியுதவியோ பெற்ற எந்தக் கல்விக்கூடத்திலும், சிறுவர்களாயின் அவர்தம் பெற்றோரின் இசைவின்றி மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு கூறுகிறது. நடைமுறையிலும், கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குச் செல்லும் நேரத்தில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் அமர்வது இப்பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். பக்தி சபைகள் அவர்களுக்கு. பந்தும் பேச்சும் படமும் எல்லோருக்கும் பொது. ஐயம் இருப்பின் தலைமையாசிரியரை நேரில் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

இரண்டாவது தயக்கம் மதிப்பெண்ணைப் பற்றியது. “ஆடினால் சோறு கிடைக்குமா?” என்கிறார்கள். ரயில்வேக்காரராகிய நாம் இதற்கு ஒரு விடை சொல்லக்கூடும். நம் இலாகாவில் விளையாட்டு வீரர்க்கும், கலைஞர்க்கும், குடியரசுத் தலைவர் விருது பெற்ற சாரணர்க்கும் தனித்தனியே ஒதுக்கீடு உண்டு. இடங்கள் மிகச் சிலவே. அதை நம்பிப் படிப்பைக் கைவிடுவது பேதைமை. ஆயினும் கதவு ஒன்று இருக்கிறது என்பது உண்மை. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும், பாடம் வேறு பாடத்துக்குப் புறம்பானவை வேறு என்று சுவரெழுப்பிப் பிரித்தல் ஆகாது என்கிறது. மாதுங்காப் பள்ளியின் கிரிக்கெட் அணி 1976இல் ஜைல்ஸ் கேடயத்துக்கான பள்ளிகளிடைப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை சென்று, மஸ்காவ் செயின்ட் மேரீஸ் பள்ளியிடம் தோற்றது. மறு ஆண்டு, மங்களூர் வழிவந்த குடும்பத்து மாணவன் ஒருவனின் தலைமையில் அந்தக் கேடயத்தை முதன்முறையாக வென்றது. அந்த மாணவனே பின்னர் இந்தியாவுக்காக ஆடிய ரவி சாஸ்திரி. எல்லோரும் சாஸ்திரி ஆகிவிட முடியாது. ஆனால் தோற்ற மறு ஆண்டு மீண்டும் களத்தில் இறங்குவது எப்படி என்பதை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மதிப்பெண் தாளில் கட்டம் இல்லை.

குறைகளும் உண்டு; மறைப்பதற்கில்லை. சில இடங்களில் ஆண்டுதோறும் அதே ஐந்தாறு பிள்ளைகளே மேடையேறுகின்றனர். ஆங்கிலம் சரளமாய் வருபவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, நெஞ்சில் கருத்திருந்தும் நாக்குத் தடுமாறுபவனுக்குக் கிடைப்பதில்லை. சீருடை, முகாம், பயணம் என்று செலவு ஏறும்போது ஏழைப் பிள்ளை தானாகவே பின்வரிசைக்குப் போய்விடுகிறான். பெண் பிள்ளைகளோ, இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் இழக்கின்றனர். இந்தக் குறைகளைப் பள்ளிகள் மட்டும் தீர்த்துவிட முடியாது.

ஆகவே நம் அன்பர்களுக்கு நாம் சொல்ல விழைவது இவ்வளவே. பிள்ளையை ஏழு மன்றங்களில் சேர்க்க வேண்டாம். ஒன்றே ஒன்றில் சேருங்கள். அதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் போதும். எத்தனை மணிக்கு முடியும், உடன் இருப்பவர் யார், செலவு எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டறியுங்கள். செலவு தாங்காது என்றால் கூசாமல் பள்ளியில் சொல்லுங்கள். ஒரே கட்டடத்தில் வசிக்கும் நாலு குடும்பத்துப் பெண் பிள்ளைகள் ஒரே நாளில் தங்குமாறு ஏற்பாடு செய்து, முறைவைத்து ஒருவர் சென்று அழைத்து வரலாம். நம் சங்கத்தின் அலமாரியில் பழைய சாரணர் உடைகளையும், ஓவியப் பெட்டிகளையும், காலணிகளையும் சேர்த்துவைத்து, வேண்டுவோர்க்குக் கொடுக்கலாம். சங்கம் என்ற சொல்லுக்கே கூடி நிற்பது என்றுதானே பொருள்! நமக்கு இந்நகரத்தில் ஒரு சங்கம் தேவைப்பட்டது என்றால், நம் பிள்ளைகளுக்கும் ஒரு சங்கம் தேவைப்படாதா?

நம் போன்ற ரயில்வேக்காரர்க்கு மாற்றல் உத்தரவு எந்த நாளிலும் வரலாம். இன்று மும்பை, நாளை புசாவல், மறுநாள் நாகபுரி. ஊர் மாறும்போது பிள்ளை தன்னோடு எடுத்துச் செல்வது மாற்றுச் சான்றிதழ் ஒன்று மட்டும் அன்று. புதிய பள்ளியில் முதல் நாள் நடுவகுப்பில் எழுந்து நின்று தன் பெயரைத் தெளிவாகச் சொல்லும் துணிவையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறது. அந்தத் துணிவு விளையும் நிலம் கடைசி மணிக்குப் பிறகே திறக்கிறது. அதன் வாயிலில் நின்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்குமுன், இன்னும் அரைமணி நேரம் காத்திருப்போமாக. அடுத்த வண்டி வராமலா போய்விடும்?